ஆயுத பூஜை மேடையில் ஒரு வசனம்

நகைச்சுவை வேடங்களுக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் சிலர் ஓசூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மூத்த நடிகையைப் பார்த்து ஆசி வாங்கி வாருங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆசிக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் மாம்பழம் இருந்தது, நறுக்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது உங்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "காமெடிதானேக்கா, அதுல போய் யார் மனசு நோகப் போகுது?"

அங்கேயே பதில் சொல்லியிருந்தால் தெருவே கூடியிருக்கும். நீங்கள் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும், ஏன், ஜெபமாலை சொல்லும்போதுகூட அந்தக் கேள்வி வந்து வந்து நின்றது. அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்கு நிதானமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், கடைசிவரை படித்தால் போதும்.

என் முகம் ஊருக்கே தெரியும், பெயர்தான் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் "அந்த குண்டு அத்தை" என்று சொல்லிக்கொண்டு செல்போனோடு ஓடி வருவார்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். போகும்போது, "நேர்ல அவ்ளோ கறுப்பா இல்லையே" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். நான் என்னவோ இவர்களிடம் மனு கொடுத்தது போல.

நடிப்புக்கு வருவதற்கு முன் நான் தொழிற்பேட்டையில் வேலை செய்தவள். அப்பா தெற்கிலிருந்து ஆலை வேலைக்காக ஓசூருக்கு வந்தவர். வீட்டில் ஒரு தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்களின் ஆங்கிலம். இதெல்லாம் கலந்த ஒரு பேச்சுத்தான் என் வாயில் வரும். முதல்முதலில் மேடை ஏறியது எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடம் இல்லை என்று சொல்லும் சத்திரக்காரி வேடம். ஒரே ஒரு வசனம். "இடம் இல்லை, போங்கள்." அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. "ரூம்ல இப்ப நைட் ஷிப்ட் ஆளுங்க தூங்கறாங்க. அவங்க எந்திரிச்சுப் போனாத்தான் டே ஷிப்ட்டுக்குப் பாய். உங்களை எங்க படுக்க வைக்கறது?" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். கோயில் வளாகமே சிரித்தது. ஓசூரில் ஒரே பாயில் ஷிப்ட் மாற்றித் தூங்கியவர்கள்தான் பாதிப் பேர். பங்குத்தந்தையும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் யாருக்கும் காயம் இல்லை, எல்லாரும் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொண்டார்கள். அந்த ருசிதான் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்தது.

இழுத்த பிறகு கிடைத்ததோ வேறு. முதல் படத்தில் குண்டான பெண் வேடம் என்றார்கள். உடை கொடுக்கும் அண்ணன் வயிற்றில் கட்ட ஒரு தலையணையோடு வந்தார். இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தலையணை வேணாம்யா, ஒரிஜினலே போதும்" என்றார். யூனிட் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மறுநாள் என்னை அழைக்க வண்டி வராது. இந்தத் தொழிலில் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான், தன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது கூடவே சிரிப்பது. நடிப்புப் பள்ளியில் இதற்குத் தனி வகுப்பு கிடையாது, தேவையும் இல்லை.

அதே படத்தில் என் குரலை எடுத்துவிட்டு வேறொருத்தியைப் பேச வைத்தார்கள். என் தமிழில் கன்னட வாடை வருகிறதாம். அடுத்த படத்தில் அந்த வாடைக்காகவே கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தாலே சிரிப்பு வரும் என்றார்கள். வேண்டாம் என்றபோதும் என் பேச்சுத்தான் காரணம், வேண்டும் என்றபோதும் என் பேச்சுத்தான் காரணம். யாராவது ஒருவர், "இது ஒரு ஊர் ஜனம் தினமும் பேசுகிற பேச்சு" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவுக்கு நடுவில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் ஒரு எடிட்டர். என்னைவிடச் சின்னவன். ஒரு சீரியலுக்குக் குரல் கொடுக்கப் போயிருந்தபோது பக்கத்து அறையில் என் காட்சியை வெட்டிக்கொண்டிருந்தான். என் ஜோடியாக நடித்த காமெடி நடிகரின் வசனத்துக்கு நான் முழிக்கும் முழியைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். பிறகு என் முகம் வரும் துண்டை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினான். அதே ஆள், அதே வசனம், சிரிப்பே வரவில்லை. "ஜோக்கை அவர் ஆரம்பிக்கிறாருக்கா. அது முடியறது உங்க மூஞ்சியில" என்றான். அந்த ஒரு பேச்சு, நான் வாங்கிய எந்தப் பட்டயத்தையும் விட எனக்குப் பயன்பட்டது. எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது. அந்தக் காமெடி நடிகரும் நானும் சீரியலில் பிரபலமான ஜோடியாக இருந்த நேரம். பண்டிகை நாட்களில் ஆலைகளில், கல்லூரிகளில் மேடை நிகழ்ச்சி செய்வோம். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு ஆலையில் கூப்பிட்டிருந்தார்கள். வயரிங் பாகங்கள் செய்யும் இடம், பெரும்பாலும் பெண்கள். எங்கள் பக்கம் ஆயுத பூஜை எப்படி என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வருடத்தில் அன்று ஒருநாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். இயந்திரத்துக்கெல்லாம் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, பொரி, சுண்டல். அம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கும். மாமியார்கள் பட்டுப் புடவையில் வந்து, மருமகள் சொன்ன அளவுக்கு ஆலை பெரிதுதானா என்று அளந்து பார்ப்பார்கள். பூசணிக்காய் உடைத்த பிறகு ஷாமியானா பந்தலில் நிகழ்ச்சி.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போனதும் அந்த ஆலை ஆட்களிடம், "யாரை ஓட்டலாம்?" என்று கேட்போம். மேனேஜரின் தொப்பை, கேண்டீன் சாம்பார், தினமும் தாமதமாக வரும் கம்பெனி பஸ், இதையெல்லாம் சொல்வார்கள். அதை வைத்துக் காட்சி கட்டுவோம். சென்னையில் உட்கார்ந்து யோசிக்கும் எந்த ஜோக்குக்கும் கிடைக்காத சிரிப்பு இதற்குக் கிடைக்கும். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. யாரை ஓட்டலாம் என்று நமக்குச் சொல்பவர் எப்போதும் அதிகாரத்தில் இருப்பவர். நமக்கு அந்த ஆட்களைத் தெரியாது, அவருக்குத் தெரியும். நம் வாயை அவர் இரவல் வாங்குகிறார்.

அன்று எச்.ஆர். அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர், மரியாதையானவர், கழுத்தில் அடையாள அட்டை, பேச்சுக்குப் பேச்சு "மேடம்". சாம்பாரையும் பஸ்ஸையும் சொல்லிவிட்டு, கடைசியில் எனக்கென்று ஒரு பாத்திரம் சொன்னார். எப்போது பார்த்தாலும் பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்திருக்கும் ஒரு லைன் பெண், அதாவது வரிசையாக உட்கார்ந்து பாகங்களைப் பூட்டுகிற பெண்களில் ஒருத்தி. கையில் எப்போதும் பெரிய தண்ணீர் பாட்டில். திருநெல்வேலிப் பேச்சு. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேகவேகமாக நடப்பாள். அதிகாரி நடந்தே காட்டினார். அவள் கேட்கும்போது சூப்பர்வைசர் ஒரு வசனம் சொல்வார், அது இந்த ஆலையில் எல்லாருக்கும் மனப்பாடம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், கைதட்டல் பிய்த்துக்கொள்ளும் என்றார். என்ன வசனம் என்று நடிகர் கேட்டார்.

"எங்க கெளம்பிட்ட? தொணைக்கு நானும் வரட்டா?"

நடிகர் தொடையில் தட்டிச் சிரித்தார். பாட்டிலுக்குப் பதில் பெரிய தண்ணீர் கேனையே கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார். கேண்டீனிலிருந்து காலிக் கேன் வந்தது. பயிற்சி அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே நான் கேனை மாட்டிக்கொண்டு அந்த நடையை நடந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சுண்டலும் டீயும் கொண்டுவந்த கேண்டீன் அம்மா கதவோரம் நின்றுவிட்டார். முனிரத்னம்மா என்று பெயர். தட்டை வைத்தவர் போகவில்லை.

"நீங்க யாரு மாதிரி நடக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மா?" என்றார்.

தெரியாது என்றேன். மெதுவாக, நடிகர் காதில் விழாமல் சொன்னார். பேச்சியம்மா என்று ஒரு பெண் அங்கே நிஜமாகவே வேலை செய்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். லைனை விட்டு எழ வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் போகலாம். அவள் கேட்கும்போதெல்லாம் அந்த ஆள் அந்த வசனத்தைச் சொல்லுவான், சத்தமாக, லைன் முழுக்கக் கேட்கும்படி. பையன்கள் சிரிப்பார்கள். ஒருநாள் உண்மையாகவே பின்னாலேயே வந்து கதவருகே நின்றிருக்கிறான். அவள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். பூஜை முடிந்து அந்த வாரமே விசாரணை. அவளுக்காகப் பேசுகிறேன் என்று சொன்ன பெண்கள், கேலி தாங்காமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

"அது புருசன், மாமியா, கொழந்தைங்க எல்லாம் வந்து குந்தினு இருக்காங்க மா. புகார் குடுத்தது வீட்டுக்கே இன்னும் தெரியாது. இன்னிக்கு மேடையிலயும் ஊரே சிரிச்சுட்டா, அது நாளைக்கே வேலைய விட்டுட்டுப் போயிடும். நேத்து பூரா அழுதுனு இருந்துச்சு" என்றார்.

கேனைக் கழற்றிக் கீழே வைத்தேன். நானும் லைனில் உட்கார்ந்தவள். தாகம் எடுத்தால் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு துப்பிவிடுவேன், குடித்தால் எழ வேண்டியிருக்கும் என்று. அடிவயிற்று வலியோடு டாக்டரிடம் போனபோது, "தண்ணி குடிங்கம்மா" என்று அவர் எரிந்து விழுந்தார். குடிக்க முடியாத கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆக, தண்ணீர் குடிக்கத் துணிந்த ஒரு பெண், எழுந்து நின்று கேட்கத் துணிந்த பெண், அவளுடைய பாட்டிலை இவர்கள் என் கழுத்தில் கேனாகக் கட்டிச் சிரிக்கப் பார்த்தார்கள்.

அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. வெட்கப்பட்டிருந்தாலாவது மனிதர் என்று நினைத்திருப்பேன். ஏதோ எனக்கு நிர்வாகம் கற்றுக்கொடுப்பவர் போலப் பொறுமையாகச் சொன்னார்.

"பிரச்சினையைக் கொஞ்சம் லைட் ஆக்கறோம் மேடம். எல்லாரும் சேர்ந்து சிரிச்சுட்டா அது அங்கேயே முடிஞ்சுடும். யாருக்கும் வேலை போகாது, யாருக்கும் கெட்ட பேர் இல்லை."

படித்தவர், நல்ல பேச்சு, புன்சிரிப்பு. ஒரு பெண்ணின் புகாரைக் கிழித்துப் போட்டால் சட்டம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். சிரிப்பை வைத்துக் கிழித்தால் யார் கேட்பார்கள்? அதற்குத்தான் எங்களை மாலை போட்டு வரவேற்றிருக்கிறார்.

நடிகரிடம் சொன்னேன். அவர் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கேட்க விருப்பம் இல்லாதவர். "நமக்கு எதுக்குக்கா அதெல்லாம்? அவங்க சொல்றாங்க, நாம பண்றோம். காமெடிதானே" என்றார். நான் அந்தக் காட்சியைச் செய்ய மாட்டேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த சாமல்பட்டிப் பெண், நாங்கள் ஒத்திகை பார்த்ததை வைத்தே எல்லா வசனத்தையும் பாடம் பண்ணியிருந்தவள், "உங்களுக்கு ஒத்துக்கலைன்னா நான் பண்றேன்க்கா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அது முதல் மேடை. கேனைத் தூக்கி மாட்டியும் பார்த்துவிட்டாள்.

தங்கைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மறுத்துவிட்டுத் திரும்பி நடந்தால் கை சுத்தமாக இருக்கும், மனசுக்கும் இதமாக இருக்கும். ஆனால் நாம் விட்ட இடத்தில் வேறொருத்தி நிற்பாள், அந்தப் பெண்ணைப் பார்த்து ஊர் சிரிப்பது நிற்காது. அன்று நான் வீட்டுக்குப் போயிருந்தால் எனக்கு நல்ல பெயர், பேச்சியம்மாவுக்கு அதே அவமானம். யோசிக்க நேரம் இல்லை. பந்தலில் ஏற்கனவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, நானே செய்கிறேன் என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது.

நடிகர் சூப்பர்வைசராக விசிலோடு மேடையில் ஏறினார். சாம்பாரும் பஸ்ஸும் நன்றாகவே போயின. மேனேஜரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கவாட்டில் நின்று கூட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் அதிகாரிகளும் சூப்பர்வைசர்களும் குடும்பத்தோடு. முனிரத்னம்மா முன்பே அடையாளம் சொல்லியிருந்தார், அந்த ஆள் யார் என்று. புதுச் சட்டை, மடியில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் மனைவி, தலை நிறைய மல்லிகை. நடுவில் ஒரு வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பாட்டில் இல்லை. அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

என் முறை வந்தது. கேனை மாட்டவில்லை. அதிகாரி காட்டிய நடையும் நடக்கவில்லை. ஒரு பெண் வேலை இடத்திலிருந்து எழுந்து வருவது போல வெறுமே வந்து நின்றேன். திருநெல்வேலிப் பேச்சும் பேசவில்லை, என் ஓசூர்ப் பேச்சிலேயே கேட்டேன்.

"சார், பாத்ரூம் போயிட்டு வரணும். ஆள் மாத்தி விடுங்க."

நடிகர் மீசையை முறுக்கினார். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "எங்க கெளம்பிட்ட? தொணைக்கு நானும் வரட்டா?"

பந்தல் அதிர்ந்தது. பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். இந்த இடத்தில்தான் நான் முழிக்க வேண்டும், முந்தானையைக் கடிக்க வேண்டும், ஐயையோ என்று ஓட வேண்டும். அப்போதுதான் ஜோக் முடியும். நான் எதையும் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிடும். அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"சரியா கேக்கல சார். என்ன சொன்னீங்க?"

நான் காட்சியை இழுத்துக் கொடுக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். இன்னும் உற்சாகமாக, இடுப்பை ஆட்டி, சத்தமாகச் சொன்னார். பாதிச் சிரிப்புத்தான் வந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பேச்சு நின்றுவிட்டது. ஒலிவாங்கியை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"மைக்குல சொல்லுங்க சார். பின்னால நம்ம வீட்டுக் கொழந்தைங்க, மாமியாருங்க எல்லாரும் வந்திருக்காங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினார். மேடையில் இருந்து இறங்க வழி இல்லை, வேறு வசனமும் கைவசம் இல்லை. மூன்றாம் முறை சொன்னார். ஆட்டம் இல்லை, கண்ணடிப்பு இல்லை, வெறும் சொற்கள் மட்டும் அந்தப் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டன. ஒரு பெண் சிறுநீர் கழிக்கப் போக அனுமதி கேட்கிறாள், ஒரு ஆண் பின்னால் வரட்டுமா என்று கேட்கிறான். வேறொன்றும் அதில் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"வேணாம் சார். நான் தனியாவே போயிட்டு வர்றேன். ஆள் மாத்தி விடுங்க" என்று சொல்லிவிட்டு மேடையைக் கடந்து மறுபக்கம் இறங்கினேன். முன்வரிசையில் அந்த ஆள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மேடையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிகர் ஏதோ பாட்டைப் பிடித்து நிகழ்ச்சியை ஒப்பேற்றினார். கைதட்டல், பாராட்டு என்று நீங்கள் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நான் இறங்கிய பிறகு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட அதிகாரிகள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் நடிகர் கத்தினார். என் பஞ்ச் வசனத்தைக் கொன்றுவிட்டீர்கள், மேடையில் என்னை அம்மணமாக நிற்க வைத்துவிட்டீர்கள், இது துரோகம் என்றார். நானும் விடவில்லை. "நான் ஒரு வார்த்தைகூட மாத்தலையே. நீங்க சொல்ல வேண்டியதைத்தானே சொன்னீங்க? அது காமெடின்னா மூணாவது தடவையும் சிரிப்பு வந்திருக்கணுமே?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான், காரணம்தான் தெரியாது. சீரியலில் என் பாத்திரத்தைக் காசிக்கு யாத்திரை அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வருவதாக வசனம் எழுதியிருந்தார்கள். அந்த அத்தை இன்னும் காசியிலேயே இருக்கிறாள். சீரியலும் முடிந்துவிட்டது, அவளை யாரும் தேடவில்லை. வயதாகிவிட்டது, அக்கா ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகையில் போட்டார்கள். நான் ஓய்வு கேட்கவில்லை. என் மூட்டும் நன்றாகத்தான் இருந்தது, என் நாக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிடுங்கிக்கொண்டு போய்விட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கிறார்கள். இதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அறிவுரை சொல்ல வராதீர்கள். எனக்கு அந்தத் தொழில் பிடிக்கும். இன்றும் ஒரு நல்ல காட்சியைப் பார்த்தால் கை பரபரக்கிறது. என்னிடமிருந்து அதை எடுத்துக்கொண்டவர்களை நான் மன்னிக்கவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அந்த மேடையை இன்னொரு முறை கொடுத்தால் அதையேதான் செய்வேன். எடிட்டர் சொன்னதை அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். யாரையாவது மட்டம் தட்டும் ஜோக் உங்கள் முகத்தில் வந்து முடிகிறது என்றால், முடித்துக்கொடுக்காமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களுக்கு வசனம் கொடுக்காமல் இருக்கலாம், பெயர் கொடுக்காமல் இருக்கலாம், பக்கத்தில் நிறுத்தாமல் அவர்களால் இருக்க முடியாது. "காமெடிதானே" என்று யாராவது சொன்னால், யார் சிரிப்பதற்காக, யாருடைய செலவில் என்று கேளுங்கள். பதில் வரும்வரை முழிக்காதீர்கள், முந்தானையைக் கடிக்காதீர்கள்.

பேச்சியம்மா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்த மேடைக்குப் பிறகு அவள் என்னை வந்து பார்க்கவில்லை, நானும் தேடிப் போகவில்லை. முனிரத்னம்மாதான் போன் செய்து சொன்னார். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவள் மட்டும் சிரிக்காததைப் பார்த்திருந்த மாமியார் கேட்டிருக்கிறார், மேடையில் அந்த சூப்பர்வைசர் சொன்னது உன்னைத்தானா என்று. ஆமாம் என்றிருக்கிறாள். விசாரணை அன்று மாமியார்தான் ஆலை வாசல்வரை கூட வந்தாராம். கழன்றுகொண்ட பெண்களில் சிலர் திரும்பி வந்து பேசியிருக்கிறார்கள். உள்ளே டீ கொடுக்கப் போன முனிரத்னம்மா, தட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக அடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

அந்த ஆள் விசாரணைக் குழுவின் முன்னால் எதையும் மறுக்கவில்லையாம். சொன்னது உண்மைதான், ஆனால் விளையாட்டுக்குச் சொன்னேன், லைனில் அலுப்புத் தெரியாமல் இருக்கச் சொன்னேன், எல்லாரும் சிரிப்பார்கள், அவளும்தான் சிரித்திருக்கிறாள் என்றானாம். எச்.ஆர். அதிகாரியும் தலையாட்டினாராம். பேச்சியம்மாவைப் பார்த்து, இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று குழுவில் இருந்த வெளியூர் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். அவள் எழுந்து நின்று, குழுவைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே கேட்டாளாம்.

"அன்னைக்கு மேடையில மூணு தடவ சொன்னாவள்லா சார். ஒங்க வீட்டம்மா முன்னாலதான இருந்தாவ. அவிய சிரிச்சாவளா?"

அவனை அந்த லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.